மூட்டைத் தராசும் தங்கத் தராசும்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் 16 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வரவு, பற்று, ஜிஎஸ்டி, மூட்டைக்கு எவ்வளவு கழிவு என்று நாள் முழுக்க எண்களோடுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவளை ஒரு எண் ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது. போன மாசி மாதம், வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகும் முழு உடல் பரிசோதனை ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தேன். மறுநாள் செல்போனுக்கு வந்த 14 பக்க ரிப்போர்ட்டில் ஒன்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் நின்றது: ஹெச்எஸ்-சிஆர்பி 4.6. பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. கீழே, 'இதய நோய் அபாயம்: அதிகம்'.

ரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்கும் இதே சிஆர்பி டெஸ்ட்டை இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலின்போது எடுத்த நினைவு வந்தது. பீரோவைக் குடைந்து பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பிடித்தேன். அதில் ஒரே சொல்தான்: நெகட்டிவ். நெகட்டிவாக இருந்தது இரண்டே வருஷத்தில் நெஞ்சுக்கு ஆபத்து என்கிற அளவுக்கு எப்படி வந்து நிற்கும்?

வரவில்லை. தராசுதான் வேறு. எங்கள் கடை வாசலில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. துவரம்பருப்பு மூட்டையை ஏற்றினால் ஒழுங்காகச் சொல்லும். அதில் ஒரு ஜோடித் தோட்டைக் கழற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். தோட்டுக்கு எடையே இல்லை என்றா அர்த்தம்? அதை நிறுக்கத் தெற்காவணி மூல வீதிக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் வைக்க வேண்டும். ஹெச்எஸ்-சிஆர்பி அந்தத் தங்கத் தராசு, சாதாரண சிஆர்பி மூட்டைத் தராசு. நிமோனியா மாதிரி பெரிய தொற்று வந்தால் எண் 50, 100 என்று ஏறும். அதைக் காட்ட அது போதும். சின்ன லேப்களில் செய்யும் லேடெக்ஸ் முறையில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே எது இருந்தாலும் நெகட்டிவ்தான். இதயத்தைப் பற்றிப் பேசும் எண்களோ அந்த ஆறுக்குக் கீழேதான் கிடக்கின்றன. 1-க்குக் கீழ் என்றால் குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் கூடுதல் என்று 2003-ல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து வகுத்தார்கள். ஆக, என்னுடைய 4.6 அந்தப் பழைய லேபில் எடுத்திருந்தாலும் நெகட்டிவ் என்றே வந்திருக்கும்.

சிஆர்பி என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்று இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். உடம்பில் எங்கேயாவது புண்ணோ கிருமியோ இருந்தால் அங்கிருந்து சேதி கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் சிஆர்பியைக் கொட்டும். பிரச்சினை தீர்ந்தால் சரசரவென்று இறங்கிவிடும். ரத்தத்தில் இருப்பதில் பாதி ஒரு நாளுக்குள் காலி. எங்கே பிரச்சினை என்று மட்டும் இது சொல்லாது. தெருவில் நாய் குரைப்பது போலத்தான். யாரோ வருகிறார்கள் என்று தெரியும். திருடனா, தபால்காரரா என்று எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அண்ணாநகரில் நான் பார்க்கும் பொதுமருத்துவர் அறுபது வயதை நெருங்கியவர். ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி நெஞ்சைப் பற்றியதே இல்லை.

"பல்லு எப்படிம்மா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக வலது பக்கம் மட்டும்தான் மென்றுகொண்டிருந்தேன். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஈறு வீங்கிச் சீழ் கட்டி, உடைந்து, மறுபடி கட்டும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கன்னத்தின் சாய்வைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் போல. "முதல்ல அதப் புடுங்கி எறிங்க. மூணு வாரம் கழிச்சு இதே டெஸ்ட்ட மறுபடி எடுத்துட்டு வாங்க. சளி, காய்ச்சல் இல்லாத நாளாப் பாத்து எடுங்க. ஒரு தடவ எடுத்தத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

பல்லைப் பிடுங்கினேன். மூன்று வாரம் கழித்து, விலை குறைவு என்று வேறு லேபில் கொடுத்தேன். 0.31 என்று வந்தது. 4.6 எங்கே, 0.31 எங்கே! அன்று சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் போய் வீட்டுக்காரரோடு ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். மறுநாள் டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்: "அலகப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. முதல் லேப் லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தது. இது டெசிலிட்டருக்கு. பத்தால் பெருக்க வேண்டும். 3.1. குவிண்டாலையும் கிலோவையும் குழப்பும் பையன்களைக் கடையில் வாய்கிழியத் திட்டுபவள் நான். அவமானமாகப் போய்விட்டது. நீங்களாவது இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்தைப் படியுங்கள்.

பல் போனதும் 4.6 என்பது 3.1 ஆனது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? அதற்குத்தான் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "சின்ன வயசுல மாசா மாசம் ஒழுங்கா வந்துச்சா?"

நெஞ்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். வராது. வருஷத்துக்கு நாலு, ஐந்து தடவை. 21 வயதில் ஒரு ஸ்கேன் சென்டரில் 'கர்ப்பப்பையில நீர்க்கட்டி' என்றார்கள். ஸ்கேன் எடுத்தவர் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசினார். "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாப் போயிரும்." 26-ல் கல்யாணம். மூன்று வருஷம் ஊர் வாயில் விழுந்து, மாத்திரை சாப்பிட்டு, 29-ல் பையன் பிறந்தான். கர்ப்பத்தின்போது சுகர் இருந்தது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. அன்றோடு அந்த ஃபைல் மூடப்பட்டது. இந்த 13 வருஷத்தில் ஒரு ஆள், நான் உட்பட, அதைத் திறந்து பார்க்கவில்லை.

எனக்கு ஆற்றாமை இதில்தான். நம் ஊரில் நீர்க்கட்டி என்றால் கல்யாணச் சங்கதி, பிள்ளைச் சங்கதி. பிள்ளை பிறந்தால் நோய் போய்விட்டது; பிறக்காவிட்டால் அவள்தான் நோய். அந்தப் பெண்ணுக்கு ரத்தக்குழாய், கல்லீரல், இதயம் என்று சிலது இருப்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

டாக்டர்கள் பிசிஓஎஸ், பிசிஓடி என்று எழுதும் இந்த நீர்க்கட்டிக்குப் பெயரே தப்பு என்பது தனிக் கதை. அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். அது கட்டியும் இல்லை. மாதா மாதம் சில முட்டைப்பைகள் வளர ஆரம்பித்து, அதில் ஒன்று முந்திப் பெரிதாகி முட்டையை வெளியேற்ற வேண்டும். இங்கே எல்லாமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நின்றதெல்லாம் ஓரமாக வரிசை கட்டி இருப்பதைத்தான் ஸ்கேனில் பார்க்கிறோம். 1935-ல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து இதை எழுதியபோது சினைப்பையைத்தான் பார்த்தார்கள்; பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2003-ல் ராட்டர்டாமில் கூடி வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: ஒழுங்கில்லாத மாதவிலக்கு, ஆண்தன்மை ஹார்மோன் கூடுதல், ஸ்கேனில் அந்த வரிசை. அதாவது 'நீர்க்கட்டி' ஒன்றுகூட இல்லாமல் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

என் அம்மாவுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஸ்கேனோ டெஸ்ட்டோ எடுத்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவுடைய வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை முள்வாங்கி எப்போதும் கிடக்கும். காலில் முள் எடுக்க என்று நாங்கள் நினைத்திருந்தோம். பின்மதியத்தில் எல்லோரும் தூங்கும்போது ஜன்னல் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடியைச் செருகி வைத்து, தாடையில் ஒவ்வொரு முடியாக அம்மா பிடுங்குவதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். "போடி அங்கிட்டு" என்று விரட்டினார். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒன்பது வருஷ இடைவெளி. 'தங்கல' என்று மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள்.

2011, புரட்டாசி. அம்மாவுக்கு 57 வயது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், "நெஞ்சு கரிக்குது, வாயுவா இருக்கும்" என்றார். தெருமுனைக் கடையில் கோலி சோடா வாங்கி எலுமிச்சை பிழிந்து கொடுத்தோம். ஓமத்தைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டார். வாந்தி எடுத்தார். ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தவருக்கு ரவிக்கை நனைந்துபோகும் அளவுக்கு வியர்த்தது. வாயுவுக்கு எதற்கு இப்படி வியர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆட்டோ பிடித்துக் கிளம்பியபோது மணி ஐந்தரை. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போதும் நெஞ்சுவலி வரத்தான் செய்யும். ஆனால் அதோடு சேர்ந்து மூச்சு வாங்குவது, குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, அசதி என்று மற்றதெல்லாம் ஆண்களைவிடக் கூடுதலாக வந்து திசைதிருப்பும். ஆஸ்பத்திரியில் "சுகர் இருந்துச்சா?" என்று கேட்டார்கள். நாங்கள் பார்த்ததே இல்லை.

சரி, சினைப்பைக்கும் நெஞ்சுக்கும் பாதை எது? டாக்டரம்மா இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பத்து நாள் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்சுலின்தான் நடுநாயகம். சாப்பிட்ட சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்சுலின் கதவைத் தட்டுகிறது. தசையும் கல்லீரலும் காது கேளாதது மாதிரி இருக்கின்றன. உடனே கணையம் இன்னும் நிறைய இன்சுலினை அனுப்புகிறது. தசைக்குக் கேட்காத சத்தம் சினைப்பைக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது. அது ஆண்தன்மை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. தாடையில் முடி, முகத்தில் பரு, நின்றுபோன முட்டைப்பைகள் எல்லாம் இப்படி வருபவை.

இதன் கூடவே வயிற்றுக்குள், குடலைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் வெண்ணெய் இல்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து குடியேறி, இன்டர்லூகின்-6 போன்ற சேதிகளை விடாமல் அனுப்புகின்றன. கல்லீரல் அதைக் கேட்டு சிஆர்பியைச் சுரக்கிறது, கொஞ்சமாக, ஆனால் நாள் தவறாமல். அழற்சி என்பது பாடப்புத்தகச் சொல். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் 'உடம்பு கணகணன்னு இருக்கு' என்போமே, தெர்மாமீட்டரில் தெரியாத அந்தக் கணகணப்பு வருஷக்கணக்கில் நீடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தச் சூட்டில் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது, கெட்ட கொழுப்பு உள்ளே நுழைந்து தங்குகிறது, அதைத் தின்ன வந்த அணுக்களும் அங்கேயே செத்துக் குவிகின்றன. அடைப்பு என்பது குழாயில் படியும் உப்பு மாதிரி இல்லை; அது உயிரோடு புகையும் புண்.

2001-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு குழு, இந்த நோய் உள்ள பெண்களுக்கு சிஆர்பி கூடுதலாக இருப்பதை முதலில் எழுதியது. இந்த நோய் உள்ள 20 பேருக்கும் குறைவான பெண்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. பிறகு பல நாடுகளில் நடந்ததை எல்லாம் 2011-ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, மற்றப் பெண்களைவிட 96 சதவீதம் கூடுதல் என்று வந்தது, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'குண்டாக இருப்பவர்களுக்குக் கூடத்தானே செய்யும்' என்று கேட்கலாம். ஒரே உடல் எடைக் கணக்கில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மிச்சமிருந்தது. அழற்சியின் மற்றக் குறிகளில் இவ்வளவு தெளிவு கிடைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது: மாதவிலக்கை ஒழுங்குபடுத்த எழுதிக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையே சிஆர்பியை ஏற்றும். மாத்திரை போட்டுக்கொண்டே டெஸ்ட் கொடுத்துவிட்டு, சிவப்பு அம்பைப் பார்த்துப் பதறுகிற பெண்கள் எத்தனை பேரோ.

அப்படியானால் சிஆர்பியை இறக்கிவிட்டால் நெஞ்சு தப்பிக்குமா? நானும் அந்த நப்பாசையில்தான் படித்தேன். பிறவியிலேயே மரபணுவால் சிஆர்பி சற்றுக் கூடுதலாக இருப்பவர்கள் உண்டு. 1,90,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2011-ல் அலசியபோது, அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வரவில்லை. ஆக, சிஆர்பி குற்றவாளி இல்லை. குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவதால் திருடன் போய்விட மாட்டான்.

ஆனால் திருடன் உண்டு. 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்து சிஆர்பி 2-க்கு மேல் இருந்த பத்தாயிரம் பேருக்கு, கொலஸ்டிராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. கூடவே, தொற்று முற்றி இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கணகணப்பை அடக்கினால் காவலும் கொஞ்சம் தூங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். 2019-ல் கால்ச்சிசின் என்ற பழைய மருந்தை, தினம் அரை மில்லிகிராம், மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் சோதித்தார்கள். அதிலும் பலன் தெரிந்தது. 2024-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று பார்த்தால், நம்ம செங்காந்தள்! சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமை சொல்லும் அதே பூ, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டுப் பயிரிட்டு, விதையை மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். அவரிடம் சொன்னபோது, "தாயி, அந்தக் கிழங்கத் தின்னு செத்தவங்கள எனக்குத் தெரியும்" என்றார். உண்மைதான், கொடிய விஷம் அது. நீர்க்கட்டிக்கு அது மருந்தும் இல்லை. யாரும் கிழங்கைத் தேடிப் போய்விட வேண்டாம்.

கொலஸ்டிரால் மாத்திரை பற்றியும் கேட்டேன். கெட்ட கொழுப்பு இயல்பாக இருந்தும் சிஆர்பி 2-க்கு மேல் இருந்த 17,802 பேரிடம் ஸ்டாட்டின் கொடுத்து 2008-ல் வந்த முடிவு பிரபலம்: மாரடைப்பு முதலிய சம்பவங்கள் 44 சதவீதம் குறைந்தன. டாக்டரம்மா சிரித்தார். "அதுல சேத்த பொம்பளைங்க எல்லாம் 60 வயசு தாண்டினவங்க. ஒங்களுக்கு 42. மொதல்ல ஒங்க வயித்த அளப்போம்."

வயிறு 91 சென்டிமீட்டர். நம் பக்கத்துப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றில் சர்க்கரை 96, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்த நோயில் வெறும் வயிற்று அளவை மட்டும் நம்பக் கூடாது என்று, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். வாய் திகட்டி, குமட்டிக்கொண்டு வந்தது. லேப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன்: 158. 140-க்குள் இருந்திருக்க வேண்டும். நல்ல கொழுப்பு 41, பெண்களுக்கு 50 வேண்டும். டிரைகிளிசரைடு 182, 150-க்குள் இருக்க வேண்டும். என் முதல் ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் இருந்தன, அம்பு சின்னதாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. 4.6-ஐயே முறைத்துக்கொண்டிருந்தேன்.

2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இந்த நோய் உள்ள பெண்களை இதய நோய் அபாயம் கூடியவர்களாகவே எண்ண வேண்டும் என்கிறது. நோய் தெரிந்தவுடன் கொழுப்பு டெஸ்ட், வருஷா வருஷம் பிரஷர், குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சர்க்கரை டெஸ்ட் ஆகியவற்றைச் சொல்கிறது. இளம் வயதில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மொத்தத்தில் குறைவுதான் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் அண்ணி.

அண்ணன் மகளுக்கு 19 வயது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். பார்க்க ஒல்லிதான். போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். கொல்லையில் அண்ணி அவளை மணைப்பலகையில் உட்கார வைத்து, தயிரில் குழைத்த பயத்தமாவைப் பிடரியில் போட்டுப் பீர்க்கை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டுத் தேச்சாலும் இந்தக் கழுத்தழுக்கு போக மாட்டேங்குது, பாரேன்." பார்த்தேன். கழுத்தைச் சுற்றி வெல்வெட்டு மாதிரி கறுத்துத் தடித்த தோல். தேய்த்த இடம் சிவந்திருந்தது, கருமை அப்படியே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அது அழுக்கில்லை. இன்சுலின் கூடிப்போனதற்குத் தோல் காட்டும் அடையாளம். என் கழுத்திலும் இருந்தது. என் அம்மாவும் என்னை இப்படித்தான் தேய்த்தார்.

"அண்ணி, நாரக் கீழ வைங்க" என்றேன்.

அவளுக்கு அதற்கு முன்பே ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்து 'பிசிஓடி' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் முட்டைப்பைகள் நிறையத் தெரிவது இயல்பு. இவளுக்கு ஏழு வருஷம்தான் ஆகிறது. ஆனால் ஹார்மோன் மாத்திரை தொடங்கும் முன்பு வருஷத்துக்கு ஐந்து தடவைதான் வந்தது, தாடையில் முடி, ரத்தத்தில் ஆண்தன்மை ஹார்மோனும் கூடுதல். ஆக, ஸ்கேன் இல்லாமலே அதேதான். அண்ணி கேட்டார்: "அதுக்குன்னு 19 வயசுப் புள்ளைக்கு நெஞ்சுவலியா வரப் போகுது? கல்யாணப் பேச்சு எடுக்குற நேரத்துல நீ வேற." நியாயமான கேள்வி. இப்போது வரப் போவதில்லை. என் அம்மாவுக்கும் 19-ல் வரவில்லை.

அண்ணன்தான் குறுக்கே வந்து, "அவ கூட்டிட்டுப் போகட்டும்" என்றான்.

குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 148. நல்ல கொழுப்பு 39. இடுப்பு, டெய்லர் டேப்பில், 83. ஒல்லிக்குள்ளே ஒளிந்திருந்தது. சிஆர்பி எடுக்கலாமா என்று நான்தான் ஆர்வமாகக் கேட்டேன். "அவ ஹார்மோன் மாத்திரை போடுறால்ல, தப்பாக் காட்டும். எடுத்தாலும் நான் செய்யப்போறது ஒண்ணுதான். காச வீணாக்காதீங்க" என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். எனக்குச் சப்பென்று போனது. தங்கத் தராசைப் பற்றி அவளிடம் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தேன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லி. முதல் வாரம் வயிறு கலக்கியது, அப்புறம் பழகிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும், அதனால் கடைக்காரியாக ஒன்று மட்டும். நீர்க்கட்டிக்கு எந்தச் சிறுதானியம் நல்லது என்று கேட்டு வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலி நல்ல சரக்கு, நானும் வாங்குகிறேன். ஆனால் தட்டில் மலையாகக் குவித்துச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையைத்தான் ஏற்றும். கருப்பட்டியும் சர்க்கரைதான். மஞ்சள் பாலில் சிஆர்பி கரையும் என்று யாராவது சொன்னால் எங்கள் முதலாளிக்கு நல்லது, விரலி மஞ்சள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பருப்பு, முட்டை, சுண்டலைக் கூட்டி, சோற்றைக் குறைத்து, ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்ததில் எனக்கு 71 கிலோவிலிருந்து 67 ஆகியிருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே பலன் உண்டு என்கிறார்கள். வீட்டில் பரோட்டா வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வாரத்துக்கு 150 நிமிஷம் நடை என்பது கணக்கு. சனி, ஞாயிறுகளில் அவளும் நானும் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறோம். பனையூர்க் கால்வாய் வழியே வைகைத் தண்ணீர் விட்டதிலிருந்து மைய மண்டபம் வரை நிறைந்து கிடக்கிறது. காற்று நன்றாக வருகிறது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். மூன்றாவது சுற்றில் மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பும்போது கேட்டாள்: "அத்தே, அப்பத்தாவுக்கும் இருந்துச்சா?"

முள்வாங்கிக் கதையைச் சொன்னேன். அதற்கு முன்பு யாரிடமும் சொன்னதில்லை. அவள் நின்றுவிட்டாள். "அது இன்னும் இருக்கா?"

வெற்றிலைப் பெட்டியோடு என் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை எடுத்துப் போய்க் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தன் தாடையில் ஒரு முடியைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். "மொண்ணையா இருக்கு அத்தே. நான் த்ரெட்டிங்தான் பண்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பைக்குள் போட்டுக்கொண்டேன். தை பிறந்ததும் இரண்டு பேரும் மறுபடி குளுக்கோஸ் குடிக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து குமட்ட முடியாது, ஒரே நாளில் போவோம் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.